பலகையை மாற்றுமுன் நீரைத் தேடுங்கள்

கடந்த பள்ளி விடுமுறையில் என் மாணவி ஒருத்தியின் சித்தப்பா தம்முடைய படகை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் எனக்கும் படகுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறி, கடைசி நிறுத்தமான போர்ட் கிள்ளானில் இறங்கி, கெத்தாம் தீவுக்குப் போய் நண்டு சாப்பிட்டுத் திரும்பியதுதான் என் கடல் அனுபவம். ஆனாலும் அவர் சொன்ன காரணம் என்னைப் போகவைத்தது. "டீச்சர், மூனு வருசத்துக்கு முன்னாடிதான் உள்ளே பூரா புதுசா பலகை போட்டேன். இப்ப மறுபடியும் அழுகிப் போச்சு. இன்னொரு தடவை மாத்துறதா, இல்ல வித்துட்டு ஃபைபர் படகு வாங்குறதா? நீங்க அறிவியல் படிச்சவங்க, சொல்லுங்க."

அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகு முப்பது அடி நீளம், வயது 40க்கு மேல். வார இறுதியில் தூண்டில் போடுபவர்களை அதில் ஏற்றிச் செல்வார். ஓய்வூதியத்துக்கு மேல் வீட்டுக்கு வரும் வருமானம் அதுதான். அறைக்குள் தலையைக் குனிந்து நுழைந்ததுமே மழையில் நனைந்த பழைய புத்தக மூட்டையைத் திறந்தது போன்ற ஒரு வாடை. ஆனால் கண்ணுக்கு எல்லாம் அழகாகவே இருந்தது. சுவர் முழுக்க வழவழப்பான ஒட்டுப்பலகை, அதன்மேல் மர நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், மூலைகளில் வெள்ளை சிலிக்கோன். விரலால் அழுத்தினேன். சன்னலுக்குக் கீழே பலகை ரொட்டியைப் போல உள்வாங்கியது.

அன்று தொடங்கி அந்தப் படகில் நானும் என் அறிவியல் மன்ற மாணவர்கள் நால்வரும் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மரப்படகின் உட்புறத்தைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் இங்கே பலர் செய்வது, நோயைக் கண்டுபிடிக்காமல் நோயாளிக்குப் புதுச் சட்டை மாட்டிவிடுவது போன்றது. அழுகிய பலகை நோயின் அறிகுறி மட்டுமே. நோய், நீர். நீர் எங்கிருந்து வருகிறது, ஏன் வெளியேறாமல் நிற்கிறது என்று தெரியாதவரை ஒரு பலகையைக்கூட மாற்றக் கூடாது.

மரத்தை உண்பது யார்?

"மரம் தண்ணீரில் ஊறி அழுகுகிறது" என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் நீர் மரத்தை அழிப்பதில்லை, பூஞ்சைதான் அழிக்கிறது. நீர் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பூஞ்சை வாழ நான்கு பொருள்கள் வேண்டும்: உணவு, காற்று, வெப்பம், ஈரம். உணவு மரமே. காற்றை நிறுத்த முடியாது. பெரும்பாலான மர அழுகல் பூஞ்சைகள் 25 முதல் 30 பாகை செல்சியஸில் செழித்து வளரும். அதாவது ஆண்டு முழுவதும் நம் ஊரில் இருக்கும் அதே வெப்பம். ஆக நம் கையில் இருப்பது நான்காவது ஒன்றுதான்.

இதற்கு ஓர் எல்லைக் கோடு இருக்கிறது. மரத்தின் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சையால் அதை அழுகவைக்க முடியாது. ஈரம் 28, 30 விழுக்காட்டை நெருங்கும்போது மர உயிரணுக்களின் சுவர்கள் நீரால் நிறைந்துவிடுகின்றன. அங்கிருந்து பூஞ்சைக்கு விருந்து ஆரம்பம். ஒரு வகைப் பூஞ்சை மரத்தின் செல்லுலோஸை உண்டு, பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகளாக வெடிக்கவைக்கும். இன்னொரு வகை லிக்னினையும் சேர்த்து உண்டு, மரத்தை வெளுத்த நாராக்கிவிடும். ஒட்டுப்பலகையைக் கழற்றியபோது அதன் பின்னால் இருந்த மெராந்திச் சட்டங்களில் நாங்கள் கண்டது முதல் வகை. மாணவன் ஒருவன் எடுத்துக் கையில் கசக்கினான். காப்பித் தூள் போல உதிர்ந்தது.

மழை நீரே முதல் பகைவன்

"கடலில் இருக்கும் படகு, உப்புத் தண்ணீர்தான் அரித்திருக்கும்" என்றுதான் என் மாணவர்கள் முதலில் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். நிலைமை நேர்மாறானது. உப்பு செறிந்த மரத்தில் அழுகல் பூஞ்சைக்கு வளர்வது கடினம். அந்தக் காலத்தில் மரக்கப்பல் கட்டியவர்கள், கப்பலின் விலா மரங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பியதுண்டு. ஊறுகாய் போடும் அதே தத்துவம்தான்.

கடல் நீரால் மரத்துக்கு ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கப்பல் புழு என்று அழைக்கப்படும் சிப்பி இன உயிரி, கடலில் மூழ்கிய மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். ஆனால் அது படகின் வெளிப்புறப் போர். உட்புறத்தில் நடப்பது வேறு. மேல்தளத்தின் இணைப்பு வழியாக, சன்னல் சட்டத்தின் ஆணித் துளை வழியாக, சொட்டுச் சொட்டாக இறங்கும் நன்னீர்தான், அதாவது மழை நீர்தான், அறையின் மரத்தைக் கொல்கிறது. கிள்ளானில் பிற்பகல் மழை எத்தனை நாள் பெய்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மூடிய அறையின் கணக்கு

கூரையில் ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்றோட்டமில்லாத அறைக்குள் நீர் பிறக்கும். இதை ஒரு வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். பகலில் சார்பு ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் அதில் சுமார் 26 கிராம் நீராவி இருக்கிறது. இரவில் அறை 24 பாகைக்குக் குளிர்ந்தால் அதே காற்றால் 22 கிராமைத்தான் தாங்க முடியும். மீதி 4 கிராம் எங்கே போகும்? குளிர்ந்த பரப்பில் பனித்துளியாகப் படியும். அறையின் கொள்ளளவு 12 கன மீட்டர் என்றால் ஓர் இரவுக்கு 48 கிராம், அதாவது மூன்று மேசைக்கரண்டி நீர். ஒரு நாளைக்கு இது சிறிய அளவுதான். ஆனால் படகின் அடியில் தேங்கிய நீர் பகல் வெயிலில் ஆவியாகி, மறுநாள் இரவுக்கு வேண்டிய நீராவியைத் தந்துகொண்டே இருக்கும்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் 16 விழுக்காட்டளவில் நிற்கும். காற்று 90 ஆனால் மரம் 20. காற்று 95 ஆனால் மரம் 23, 24. எல்லைக் கோடு 20 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களை மறுபடியும் பாருங்கள். காற்று உலாவும் அறையில் மரம் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஒட்டுப்பலகைக்குப் பின்னால் அடைபட்ட காற்றில் அதே மரம் கோட்டுக்கு அந்தப் பக்கம். இவ்வளவுக்கும் ஒரு சொட்டு மழைகூட உள்ளே வரவில்லை!

படகில் கண்டது

எங்கள் வேலை மூன்று கட்டமாக நடந்தது. முதலில், தளவாடப் பட்டறை வைத்திருக்கும் என் உறவினரிடம் மரத்தின் ஈரம் அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் அவற்றுக்கிடையே மின்தடையை அளந்து ஈரத்தைக் காட்டும். ஈர மரம் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பதே அதன் அடிப்படை. கூரை உத்திரத்தில் 15 காட்டியது. சன்னலுக்குக் கீழே 30. படகின் அடிப்பகுதியில் 34!

34ஐப் பார்த்ததும் சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. அடிமரமே போய்விட்டது என்று நினைத்தார். ஆனால் கூர்மையான தமரூசியால் குத்தினால் அந்த மரம் கல்லாக எதிர்த்தது. கருவி பொய் சொல்கிறதா? இரண்டாம் கட்டமாக, மூன்று இடங்களிலிருந்தும் சிறு துண்டுகளைச் செதுக்கிக் காற்றுப் புகாத பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்து, சூட்டடுப்பில் 103 பாகையில், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தினோம். சன்னல் துண்டு 12.6 கிராமிலிருந்து 9.8க்கு இறங்கியது. இழந்த நீர் 2.8 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்தால் ஏறக்குறைய 29 விழுக்காடு. உத்திரத் துண்டு 11.5லிருந்து 10 கிராம், அதாவது 15 விழுக்காடு. இவ்விரண்டிலும் கருவி சொன்னது ஏறத்தாழச் சரி. அடிப்பகுதித் துண்டு 11.9லிருந்து 9.7. ஏறக்குறைய 23 விழுக்காடுதான், 34 இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது அமைதியாகவே இருக்கும் ஒரு மாணவி. "டீச்சர், உப்பு மின்சாரத்தைக் கடத்துமே?" என்றாள். அதேதான். உப்பேறிய மரத்தில் மின்தடை குறையும். கருவி அதையும் ஈரமென்று கணக்கிட்டுவிடுகிறது. கருவியை மட்டும் நம்பியிருந்தால் நல்ல மரத்தை வெட்டி எறிந்திருப்போம். 23 என்பது கோட்டுக்கு மேல்தான். ஆனால் உப்பும் மரத்தின் வைரமும் சேர்ந்து அதைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

மூன்றாம் கட்டம், நீர் வரும் வழியைத் தேடுவது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் தண்ணீர்க் குழாயோடு வெளியே, ஒருவர் கைவிளக்கோடு உள்ளே. கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒழுகும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து எதுவும் புரியாமல் போகும். உள்ளே சுண்ணக்கட்டித் தூளைத் தடவி வைத்தால் முதல் துளியே கோடு போட்டுக் காட்டிவிடும். இரண்டு இடங்கள் அகப்பட்டன. சன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு திருகாணித் துளை. இன்னொன்று, மேல்தளமும் அறைச் சுவரும் சேரும் இணைப்பு. அங்கே நுழைந்த நீர் உத்திரத்தின் அடிப்பக்கமாக ஒரு மீட்டர் ஓடி, வேறோர் இடத்தில் சொட்டியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேலை செய்தவர்கள் சொட்டிய இடத்தில் சிலிக்கோன் பூசியிருந்தார்கள், நுழைந்த இடத்தில் அல்ல.

இன்னொன்றும் தெரிய வந்தது. பழைய உட்பலகைகள் இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாக அடிக்கப்பட்டிருந்ததாகச் சித்தப்பா சொன்னார். மேலும் கீழும் இரண்டு விரல் நுழையும் அளவு சந்து விட்டிருந்தார்களாம். "அது பார்க்க அசிங்கமா இருக்குன்னு அடைச்சிட்டாங்க." அசிங்கம் என்று அடைத்தது படகின் மூக்கை! விலா எலும்பு போல நிற்கும் வங்குக்கால்களுக்கு இடையே கீழிருந்து மேலாகக் காற்று ஏறிப் போவதற்காகத்தான் பழைய தச்சர் அந்தச் சந்துகளை விட்டிருந்தார். அவர் சார்பு ஈரப்பதம் படித்திருக்கமாட்டார். ஆனால் அவருக்கு அது தெரிந்திருந்தது.

200 ஆண்டுக்கு முந்தைய பாடம்

இந்தத் தவற்றைச் சிறு பட்டறைகள் மட்டும் செய்வதில்லை. உலகின் மிகப் பெரிய கடற்படையே இதைச் செய்து பாடம் படித்திருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை 1810இல் நீரில் இறக்கிய குயின் சார்லட் என்ற பெரும் போர்க்கப்பல், போருக்குப் போகும் முன்பே உள்ளுக்குள் அழுகத் தொடங்கியது. சரியாக உலராத ஓக் மரம், காற்றுப் புகாத உள்ளறைகள் இரண்டும் பூஞ்சைக்கு விருந்து வைத்தன. அந்தப் பூஞ்சைகளை அடையாளம் காண, இயற்கை வரலாற்று ஓவியரான ஜேம்ஸ் சவர்பியை அழைத்தார்கள். கப்பலைப் பெருஞ்செலவில் மறுபடியும் சீர் செய்த பிறகே பயன்படுத்த முடிந்தது.

அதே காலத்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வர, பிரிட்டிஷார் பம்பாய் பக்கம் திரும்பினார்கள். அங்கே பார்சி வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் மலபார்த் தேக்கில் கட்டிய ஒரு போர்க்கப்பல் 1817இல் நீரில் இறங்கியது. அதன் பெயர் டிரிங்கோமாலி, நம் திருகோணமலைதான்! 200 ஆண்டு கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் இன்னமும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அதுவே. 2001இல் முடிந்த பெரும் சீரமைப்பில் அழுகியதை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை அப்படியே விட்டார்கள். அதனால் இன்றும் அதில் பாதிக்கும் அதிகமான மரம் பம்பாயில் பூட்டிய அதே தேக்கு.

இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, மரம் புதியது என்பது தகுதி அல்ல. அது எந்த மரம், எப்படி உலர்ந்தது என்பதே தகுதி. இரண்டு, பழையது என்பது குப்பையில் போடுவதற்கான காரணமும் அல்ல.

நம் காட்டின் வைரம்

தேக்குக்கு நிகரான, கடினத்தில் அதையும் மிஞ்சிய மரம் நம் நாட்டிலேயே உண்டு. மலாயில் செங்கால் என்று அழைக்கிறார்கள். காற்றில் உலர்ந்த செங்காலின் ஒரு கன மீட்டர் 900 கிலோகிராமுக்கு மேல் எடை இருக்கும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகமான ஃபிரிம், மரக் குச்சிகளை மண்ணில் நட்டு அவை எத்தனை ஆண்டு தாங்குகின்றன என்று பார்த்து மரங்களைத் தரம் பிரிக்கிறது. நம் வெப்பத்திலும் மழையிலும் 10 ஆண்டுக்கு மேல் தாங்கினால் 'மிக நீடித்துழைப்பது'. இரண்டே ஆண்டில் போய்விட்டால் 'நீடித்துழைக்காதது'. செங்கால் முதல் வரிசையில் நிற்கிறது. மெல்லிய மெராந்தி வகைகள் பின் வரிசைகளில் நிற்கின்றன. "வைரம் பாய்ந்த மரம்" என்று நம் முன்னோர் சொன்னது, நடுத்தண்டில் சேரும் இந்த இயற்கைப் பாதுகாப்புப் பொருள்களைத்தான்.

திரெங்கானு ஆற்று முகத்துவாரத்தில் உள்ள டுயோங் தீவில், வரைபடம் இல்லாமல் கண்ணளவில் செங்கால் படகு கட்டிய தச்சர்களின் கைத்திறன் உலகறிந்தது. முதலில் விலா மரத்தை நிறுத்திப் பிறகு பலகை அடிப்பது பல நாடுகளின் முறை. இவர்கள் பலகைகளை மர முளைகளால் ஒன்றோடொன்று பூட்டி ஓட்டை எழுப்பிவிட்டு, அதன் பிறகே விலா மரங்களைப் பொருத்துவார்கள். பலகைகளுக்கு நடுவே கெலாம் மரத்தின் மெல்லிய பட்டையை வைப்பார்கள். நீர் பட்டதும் பட்டை உப்பி இடுக்கை அடைத்துவிடும். தமிழ்க் கடலோடிகள் கலப்பத்து என்று சொல்லும் வேலையை மரப்பட்டையே செய்துவிடுகிறது. இன்று அந்தத் தச்சர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரிய செங்கால் மரங்களும் அருகிவிட்டன. ஆகவே 40 ஆண்டுப் பழைய படகில் இருக்கும் செங்கால் பலகை வெறும் பழைய பலகை அன்று. அதே தரத்தில் இன்னொன்றை நினைத்த நேரத்தில் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. சித்தப்பாவின் படகில் வெளிப்பலகையும் வங்குக்கால்களும் செங்கால். அவற்றின்மேல் அடித்த மலிவான ஒட்டுப்பலகைதான் அவற்றைக் கொல்லப் பார்த்தது.

ஃபைபர் வாங்கினால் தீருமா?

எனக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. கண்ணாடி இழைப் படகு இலேசானது, பூஞ்சை அதைத் தின்னாது, பராமரிப்பு குறைவு. கடலை நம்பிப் பிழைப்பவரிடம் "மரபைக் காப்பாற்றுங்கள்" என்று உபதேசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. புதிதாகப் படகு வாங்குபவர் ஃபைபர் வாங்கினால் நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். முதலாவது, பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள்ளும் தளத்துக்குள்ளும் ஒட்டுப்பலகையோ இலேசான மரமோதான் இருக்கிறது. ஒரு திருகாணித் துளை வழியாக நீர் புகுந்தால் அங்கேயும் அதே பூஞ்சை, அதே அழுகல். கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். இரண்டாவது, அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் மறுபடியும் உருகாது. பிளாஸ்டிக் போத்தலைப் போல உருக்கி வார்க்க முடியாது. ஆயுள் முடிந்த ஃபைபர் படகு, கரையில் கிடக்கும் குப்பை மட்டுமே. மூன்றாவது, "பழைய மரத்தின் உள்ளே ஃபைபர் பூசிவிடுகிறோம்" என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். மரம் ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். இழைப் பூச்சு அதோடு சேர்ந்து அசையாது. சில காலத்தில் இரண்டும் பிரிந்து, நடுவில் நீர் சிறைபடும். மரத்துக்குப் போர்வை போர்த்தியே மூச்சை நிறுத்துவது இது.

என்ன செய்யலாம்?

பட்டறைக்காரர் "எல்லாவற்றையும் புதுசாக்கிடலாம்" என்று சொல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நீர் எங்கே நுழைகிறது? காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறும்? இந்தப் பலகையை அடுத்த ஆண்டு நானே கழற்றிப் பார்க்க முடியுமா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அதுவே முக்கியம். பசையும் ஆணியும் கொண்டு ஒட்டிய சுவரை உடைத்தால்தான் உள்ளே பார்க்க முடியும். யாரும் உடைக்கமாட்டார்கள், ஆகவே யாரும் பார்க்கமாட்டார்கள். பித்தளை அல்லது துருவேறாத எஃகுத் திருகாணியில் பூட்டிய பட்டைப் பலகை என்றால், அரை நாளில் கழற்றித் துடைத்துத் திரும்பவும் பூட்டலாம். இரும்பாணி வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்து நலிவடையச் செய்யும்.

சித்தப்பா படகை விற்கவில்லை. ஒட்டுப்பலகை முழுவதையும் கழற்றினார். வங்குக்கால்களில் நான்கின் மேல் முனை மட்டுமே மெத்தென்று இருந்தது. தெரிந்த தச்சர் ஒருவர் நல்ல மரம் வரும்வரை அழுகலை வெட்டி எடுத்து, சாய்வாகச் செதுக்கிப் புது மரத்தைப் பொருத்தினார். ஓர் அங்குலத் தடிமனுக்கு எட்டு அங்குலச் சாய்வு என்பது கணக்கு. பசை பிடிக்கும் பரப்பு அதிகமானால் பலமும் அதிகம். வெட்டிய முனைகளில் போராக்ஸ் கரைசலைப் பூசி, உலர்ந்ததும் சாயம் அடித்தார். மரத்தின் வெட்டுமுனை, உறிஞ்சு குழாய்களின் கட்டைப் போல நீரை இழுக்கும். ஆகவே முதல் சாயம் அங்கேதான் போக வேண்டும்.

போராக்ஸ் நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரம், ஆயுள் முடிந்ததும் விறகாக எரிந்தது. அறுத்த சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும் மரம் அது. போரான் உப்புகளில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு, அதே மரம் இன்று மலேசியத் தளவாடமாக உலகெங்கும் போகிறது. எளிய வேதியியல் ஒரு மரத்தின் தலையெழுத்தையே மாற்றியது. ஆனால் போரான் நீரில் கரையும். ஒழுகும் இடத்தை அடைக்காமல் அதைப் பூசுவது வீண்.

இப்போது படகின் உட்சுவர் பட்டைப் பலகை. மேலும் கீழும் இரண்டு விரல் சந்து. அறைக் கூரையில் எதிரெதிர் முனைகளில் இரண்டு காற்றுக் குழல்கள். வாடை போய்விட்டது. சன்னலுக்குக் கீழே கடைசியாக அளந்தபோது 17. வெற்றி என்று சொல்லமாட்டேன். மழைக்காலம் ஒன்று முழுதாகக் கடந்த பின்தான் சொல்ல முடியும். அதனால் என் மாணவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார்கள்.

ஆசிரியராக எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் பூஞ்சை என்றால் ரொட்டியில் பூத்த பூசணம். சார்பு ஈரப்பதம் என்றால் தேர்வுக்கு ஓர் எண். மின்தடை என்றால் ஒரு வாய்பாடு. மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் பிழைப்பைத் தீர்மானிக்கும் இடத்துக்கு நாம் பிள்ளைகளை அழைத்துப் போவதே இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் படகு இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. கழிவறைக் கதவின் கீழ்ப்பகுதி ஏன் முதலில் அழுகுகிறது? சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி ஏன் உப்புகிறது? அங்கிருந்து தொடங்கலாம். பலகையை மாற்றச் சொல்லும் பிள்ளையைவிட, "தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்கும் பிள்ளையே அறிவியல் கற்றவர்.